31ஆவது ஸ்லைடை முன்னால் கொண்டு வாருங்கள், அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

பேர் போடவில்லை. கோவைக் கல்லூரி ஒன்றில் சென்ற மாதம் நடந்த ஆராய்ச்சி மாணவர் அமர்வில் பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க வைத்த நோடுகளைப் பற்றி (சென்சார், ரேடியோ, பேட்டரி மூன்றும் உள்ள சின்னப் பெட்டிகள்) பேசியது நீங்கள் ஒருவர்தான், அதனால் படித்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும். பேராசிரியர்களின் வரிசைக் கடைசியில் 'தொழில்துறை வல்லுநர்' என்று அட்டை வைத்து ஒருவரை உட்கார வைத்திருந்தார்களே, அது நான்தான். கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப்செட்டுக்கு சிம் போட்ட ஸ்டார்ட்டர் செய்கிறோம். அன்றைக்கு ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது, அதற்குள் டீ வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு முன்னும் பின்னும் பேசிய பிள்ளைகளுக்கும் இதில் பாதி பொருந்தும் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் பேச்சில் முக்கால்வாசி நேரத்தை, நோடுகளின் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் லீச் என்ற முறை எடுத்துக்கொண்டது. குறை சொல்லவில்லை, நல்ல யோசனைதான் அது. எம்.ஐ.டி.யில் ஹைன்ஸெல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூவரும் 2000இல் எழுதியது. பக்கத்து நோடுகளின் தகவலைத் திரட்டி அனுப்பும் தலைமைப் பொறுப்பைச் சுற்றிச் சுற்றி மாற்றிக்கொண்டே இருந்தால், ஒரே நோடின் பேட்டரி சீக்கிரம் காலியாகாது. ஆனால் அதற்கப்புறம் 'லீச்சை விட இத்தனை சதவீதம் மேல்' என்று எழுதாத கல்லூரி நம் பக்கம் இருக்கிறதா என்று தெரியவில்லை. அன்றைக்கு உங்களுக்கு முன்னால் பேசியவரும் அதைத்தான் காட்டினார்.

கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த உங்கள் சிமுலேஷனில் 100 நோடு, ஒவ்வொன்றின் பேட்டரியிலும் 0.5 ஜூல் சக்தி. அந்தப் பழைய கட்டுரையிலிருந்து அப்படியே வந்த எண்கள். கடையில் வாங்கும் நல்ல ஏ.ஏ. பேட்டரி ஒன்றில் 10,000 ஜூலுக்கு மேல் இருக்கிறது. நோடுகள் சீக்கிரம் செத்து கிராஃப் சீக்கிரம் முடிய அரை ஜூல் வசதி, அவ்வளவுதான். அப்புறம், நோடுகளை விதை தூவினமாதிரி கண்டபடி பரப்பியிருந்தீர்கள். பொள்ளாச்சித் தோப்பில் மரங்கள் 25 அடிக்கு 25 அடி வரிசை கட்டி நிற்கின்றன, சொட்டுநீர்க் குழாயும் அதே வரிசையில் ஓடுகிறது. நோடு எங்கே வரும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம், அதைத் தெரியாததாக வைத்துக்கொண்டு எதற்குக் கணக்குப் போட வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் நோடுகளில் ரொம்பக் காலம் புழங்கிய சி.சி.2420 ரேடியோ சிப்பின் டேட்டாஷீட்டைப் பாருங்கள். முழுச் சக்தியில் அனுப்ப 17.4 மில்லியாம்பியர், கேட்க 18.8. தகவல் வருமா என்று சும்மா காதைத் திறந்து வைத்திருப்பதுதான் பேட்டரியைத் தின்கிறது. பல சிமுலேஷன்களில் இந்தக் காத்திருப்புச் செலவு கணக்கிலேயே ஏறுவதில்லை. தோப்பில் வைத்த நோடுகளில் ரேடியோவை எவ்வளவு நேரம் தூங்க விடுகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சரி, 31ஆவது ஸ்லைடுக்கு வருகிறேன்.

கலர் கலராகக் கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு நோடின் மண் ஈரம். நடுநடுவே மேலிருந்து கீழ்வரை வெள்ளைப் பட்டைகள். "மழைனால சிக்னல் போயிடுச்சுங்க சார்" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குத் தாவிவிட்டீர்கள். அப்போதுதான் குறுக்கிட்டு, நோடுகள் அனுப்புவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் கேட்வேயை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். "மோட்டார் ரூம்லங்க சார்." அதோடு டீ வந்துவிட்டது.

அந்தப் பட்டையில் எல்லாக் கோடும் ஒரே நிமிடத்தில் நிற்கிறது, ஒரே நிமிடத்தில் திரும்ப வருகிறது. மழையோ மட்டையோ காரணமாக இருந்தால் தூரத்து நோடு முதலில் திணறும், பக்கத்து நோடு கடைசிவரை பேசும். மொத்தமாக நின்றால் கோளாறு நோடுகளில் இல்லை, வாங்கிக்கொள்ளும் இடத்தில். உங்கள் கேட்வேக்கு மோட்டார் ரூம் பிளக்கில்தானே கரண்ட்? ஈ.பி. லைன் போகும்போது அதுவும் போகும். தோப்புக்காரரிடம் கரண்ட் எப்போது போய் எப்போது வந்தது என்று கேட்டு அந்தப் பட்டைகளின் மேல் வைத்துப் பாருங்கள். அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டுவேன்.

சரிபார்க்க இன்னொரு வழியும் இருக்கிறது. நோடு அனுப்பும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டிலும் வரிசை எண் அனுப்புகிறீர்களா? பட்டைக்கு முன்னால் 412இல் நின்ற நோடு, பட்டைக்கு அப்புறம் 460இல் வந்தால் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, வாங்க ஆளில்லை. திரும்ப 1இலிருந்து வந்தால் நோடே ரீசெட் ஆகியிருக்கிறது. வரிசை எண்ணே இல்லை என்றால் இன்றைக்கே சேருங்கள்.

அதே படத்தில் கீழே இரண்டு கோடுகள் மட்டும் விட்டு விட்டு வந்தன, பார்த்தீர்களா? உங்கள் ஆராய்ச்சி அங்கேதான் இருக்கிறது. ஆன்டெனா தண்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதா, ஊடுபயிர் வளர்ந்து மறைத்ததா, பெட்டிக்குள் எறும்பு குடியேறியதா? (சிரிக்க வேண்டாம். எங்கள் ஸ்டார்ட்டர் பெட்டிகள் பழுதுக்கு வரும்போது முதலில் எறும்பைத்தான் தட்டிவிடுகிறோம்.) இங்கே லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக் கிடைக்கும் 865–868 மெகாஹெர்ட்ஸில் ஒரு நோடை அதே மரத்தில் கட்டிப் பார்த்தாலே ஒரு அத்தியாயம் தேறும்.

நெதர்லாந்தில் உருளைக்கிழங்கு வயலில் இலைக்கருகல் நோயை முன்கூட்டியே கணிக்க 100 நோடு அளவுக்கு வைத்தார்கள். கடைசியில் கைக்கு வந்த தகவல் 2 சதவீதம். என்னென்ன கெட்டது என்று ஒளிக்காமல் 2006இல் கட்டுரையாக எழுதினார்கள், இன்றைக்கும் வயலில் நோடு வைக்கப் போகிறவர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். மழையிலும் இரவு ஈரத்திலும் அங்கே ரேடியோ நன்றாகவே எட்டியது, செடி வளர்ந்து இலை அடர்ந்தபோதுதான் எட்டும் தூரம் குறைந்தது என்றும் அந்தக் குழு பதிவு செய்திருக்கிறது. 'மழைனால' என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பேராசிரியர்கள் கேட்டதில் உங்களுக்கு மனசு சுணங்கியிருக்கும். ஒருவர் எந்த ஜர்னல் என்றார், ஒருவர் மெஷின் லேர்னிங் சேர்க்கச் சொன்னார், ஒருவர் ஹார்டுவேரே வேண்டாம் என்றார். மூவருக்கும் "நோட் பண்ணிக்கறேங்க சார்" என்றீர்கள், கையில் பேனா இல்லை. சதவீதத்தைக் காட்டினால் சதவீதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சென்சிஸ் மாதிரி சர்வதேச சென்சார் மாநாடுகளில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று தனி அமர்வு வைப்பதே முடியாத வேலையைக் காட்டி வழி கேட்கத்தான். நம் ஊர் டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங் எல்லாம் முடிந்துவிட்டதாகக் காட்டும் பரீட்சையாகிவிட்டது. எனக்கு இதில் நிறையவே வருத்தம் உண்டு.

என் கருத்து, மெஷின் லேர்னிங் இப்போதைக்கு வேண்டாம். காரணம் தெரியாத வெள்ளைப் பட்டையை அதைக் கொண்டு நிரப்பினால், பட்டை இருந்த தடமே போய்விடும். லீச்சை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆய்வேட்டைக் கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனையை யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டாலும், பல்கலைக்கழகமும் கைடும் கேட்பதைக் கேட்கத்தான் செய்வார்கள். அது ஓர் அத்தியாயமாகப் பின்னால் போகட்டும்.

அடுத்த முறை முதல் ஸ்லைடில் தோப்பின் படம், இரண்டாவதில் இந்த வெள்ளைப் பட்டைகள். "இதில் எனக்குப் புரியாதது இது" என்று ஒரு வரி. அப்புறம் யாரிடம் எதைக் கேட்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ரேடியோ தெரிந்தவரிடம் அந்த இரண்டு கோடுகளைப் பற்றி. வேளாண் பல்கலைக்கழகத்திலிருந்து மண்ணியல்காரர் ஒருவரைக் கூப்பிட்டு, சென்சாரை எந்த ஆழத்தில், சொட்டுவானிலிருந்து எவ்வளவு தள்ளி நட வேண்டும் என்று. சென்சார் காட்டும் எண்ணை ஈரமாக மாற்றக் கம்பெனி கொடுத்த கணக்கு அந்தத் தோட்டத்துச் செம்மண்ணுக்குப் பொருந்துமா என்பதையும் அவர்தான் சொல்வார். மண்ணை எடுத்து 105 டிகிரி அடுப்பில் ஒரு நாள் காய வைத்து எடை பார்க்கச் சொல்வார், சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள். பேசும்போது தோழி யாராவது கேள்விகளை எழுதிக்கொள்ளட்டும். தோப்பில் மோட்டார் பார்க்கும் எலக்ட்ரீசியனையும் பின் வரிசையில் உட்கார வையுங்கள், பட்டையைப் பார்த்த உடனே காரணம் சொல்வார்.

கேட்வேக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் சார்ஜரும் போடுங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால். லாக் ஃபைலைச் சுத்தம் செய்யாமல், வரிசை எண்ணோடு அப்படியே அனுப்புங்கள், என் நம்பர் அன்றைக்குக் கொடுத்த கார்டில் இருக்கிறது. ஞாயிறு தவிர என்றைக்கு வேண்டுமானாலும் பட்டறைக்கு வரலாம், கைடையும் கூட்டிக்கொண்டு வாங்க.

அன்புடன்,
கணபதி பட்டறைக்காரன்