டம்ளர் படமும் இரண்டு பஸ்ஸும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

என் பேரனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம். வாரம் ஒருநாள் குலசேகரத்திலிருந்து தக்கலை போய், பஸ் மாறி நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போகிறோம். நடத்தைப் பயிற்சி முக்கால் மணி நேரம்தான். போக வர அரைநாள். ஹாரன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்தி அழும் பிள்ளை, போய்ச் சேருவதற்குள் துவண்டுவிடுகிறான். அன்றைக்கு மகனுக்கு ரப்பர் பால்வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது.

அங்கே இப்போது பழக்குவது, தண்ணீர் வேண்டுமென்றால் கத்தாமல் டம்ளர் படத்தை எடுத்து நீட்டுவது. தினமும் பத்திருபது தடவை வீட்டிலும் செய்தால்தான் அது நிற்கும். அதற்கு நிபுணரே வரவேண்டுமா? அவர் திட்டம் வகுத்துத் தர, பயிற்சி பெற்ற உதவியாளர் செய்யலாமே. அமெரிக்காவில் இதற்கென்று 40 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. மேற்பார்வையாளர் இல்லாமல் அவர்கள் தனியாக இயங்க முடியாது. அந்த நிபந்தனை இங்கும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் ஆளாளுக்கு போர்டு மாட்டிவிடுவார்கள்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆட்டிசமோ 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, இந்தப் பயிற்சி மட்டும் ஏன் வீட்டுக்கு வரக்கூடாது? படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா என்ன? திருவட்டார் வட்டத்தில் முதலில் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்க்கட்டும்.

ஒரு தாத்தா,
குலசேகரம்