லாரி வராத ரோடு ஒன்று இருக்கிறது, வா அக்கா

லனெல்லி, வேல்ஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? உனக்கும் அத்தானுக்கும் விசா வந்துவிட்டது என்று கேட்டதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. அத்தான் லண்டன் பார்க்க வேண்டும் என்றாராம், சரி, அதற்கு இரண்டு நாள் ஒதுக்கிவிடலாம். மிச்ச நாளில் உன்னை நான் சைக்கிள் ஓட்ட வைக்கப் போகிறேன், இப்பவே சொல்லிவிட்டேன்.

பதினொன்றாம் வகுப்பில் உனக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் கேரியரில் என்னையும் வைத்துக்கொண்டு எதிர்காற்றில் மிதித்தவள் நீ. தூத்துக்குடியில் ஹார்பர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் பெருகப் பெருக அப்பா பயந்து போய் போதும் என்று சொல்லிவிட்டார், அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஓட்டத் தெரிந்த ஒருத்திக்கு ஓட்ட ரோடு இல்லாமல் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே வந்து கடற்கரைப் பாதையைப் பார்த்த அன்றே உன் ஞாபகம்தான் வந்தது.

மில்லேனியம் கோஸ்டல் பார்க் என்று பெயர். பார்க் என்றதும் நாலு பெஞ்சும் ஒரு ஊஞ்சலும் நினைத்துக்கொள்ளாதே. லக்கர் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து மேற்கே பெம்பிரே வரைக்கும் கடலை ஒட்டியே 20 கிலோமீட்டருக்கும் மேல் போகிறது. கார், பைக், வேன் எதுவும் இதில் வராது. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்தான். பெரும்பாலும் தார் போட்ட பாதை, மெல்லிய டயர் வைத்த ரேஸ் சைக்கிளே தாராளமாக ஓடும். லண்டனிலிருந்து ஃபிஷ்கார்டு வரை போகும் தேசிய சைக்கிள் பாதை 4 இந்த வழியாகத்தான் வருகிறது, அதனால் பை கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்களையும் அடிக்கடி பார்க்கலாம். இடது கைப் பக்கம் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் கௌவர் தீபகற்பத்தின் பச்சை மலைகள், வலது கைப் பக்கம் ரயில் தண்டவாளம். தண்டவாளத்தைக் கடக்க சில இடங்களில் மண் கொட்டிப் புல் வளர்த்த அகலமான பாலங்கள் கட்டியிருக்கிறார்கள், மேலே ஏறும்போது பாலம் என்றே தெரியாது.

இவ்வளவு இடமும் முன்னால் என்னவாக இருந்தது தெரியுமா? லனெல்லி தகரத் தகடு செய்த ஊர், உலகம் பூராவும் இங்கிருந்து போயிருக்கிறது. இன்றும் ட்ராஸ்ட்ரேயில் ஒரு தகட்டு ஆலை ஓடுகிறது, அதை நடத்துவது நம்ம டாடா. பக்கத்து பர்ரி போர்ட் நிலக்கரி ஏற்றுமதி செய்த துறைமுகம், அங்கே நிலக்கரியில் ஓடிய ஒரு மின் நிலையமும் இருந்தது. ஒவ்வொன்றாக மூடிய பிறகு கடலோரம் முழுக்கக் கழிவும் சாம்பலும் இடிபாடும்தான் கிடந்தது. அதைச் சீர் செய்து, மண் போட்டு, மரம் நட்டு, நடுவே இந்தப் பாதையைப் போட்டிருக்கிறார்கள். நம்ம அனல் மின் நிலையத்துச் சாம்பல் பறந்து துவைத்துப் போட்ட துணியில் படிவது உனக்குத் தெரியும், அதனால்தான் உனக்கு இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கெட்டுப்போன கடற்கரையை மனது வைத்தால் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதை நான் இங்கே கண்ணால் பார்க்கிறேன்.

காற்றைப் பற்றி மட்டும் கவனமாகக் கேள். இங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. லனெல்லி நார்த் டாக்கில் கிளம்பி பர்ரி போர்ட் பக்கம் போனால் முகத்தில் அடிக்கும், ஆறேழு கிலோமீட்டர்தான் என்றாலும் இரண்டு மடங்கு தூரம் போன மாதிரி கால் வலிக்கும். ஆனால் போகும்போதே கஷ்டத்தை முடித்துவிட்டால் திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்துவிடும். எதிர்த்திசையில் கிளம்பினால் போகும்போது சுகம், வரும்போது அழுகை. அதனால் முதலில் மேற்கே போவோம். மழை பெய்தால் பெய்யட்டும், இந்த ஊரில் மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் வீட்டை விட்டே இறங்க முடியாது.

கடலும் நம்ம கடல் மாதிரி இல்லை. நம்ம பக்கம் அலை ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் கூட வராது, இங்கே பெரிய ஏற்றத்தின்போது 7 மீட்டருக்கு மேல் வித்தியாசம். காலையில் பாதையோரம் வரைக்கும் தளும்பும் தண்ணீர் மத்தியானம் கண்ணுக்கெட்டாத தூரம் போய் வெறும் மணலும் சேறுமாகக் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று அத்தான் அதில் இறங்கி நடந்துவிடக் கூடாது, தண்ணீர் வேகமாகத் திரும்பி வரும். இதை அவரிடம் நீயே சொல்லிவிடு.

பர்ரி போர்ட்டில் சின்னதாக ஒரு கலங்கரை விளக்கம், அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். 1928 ஜூனில் அமேலியா ஏர்ஹார்ட் வந்த விமானம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி இந்தக் கடலில்தான் இறங்கியது. விமானத்தில் அந்தக் கடலைக் கடந்த முதல் பெண் அவர். அந்தத் தடவை ஓட்டியவர்கள் வேறு ஆட்கள், இவர் பயணியாகத்தான் வந்தார், ஆனால் 1932இல் தானே தனியாக ஓட்டிக் கடந்துவிட்டார். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் ரொம்பப் பிடிக்கும்.

அதற்கு மேலே போனால் பெம்பிரே. போர்க்காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடம், இப்போது காடும் நீண்ட மணல் கடற்கரையும். அங்கே சைக்கிளுக்கென்றே வளையமாகத் தார் ரோடு ஒன்று போட்டிருக்கிறார்கள், ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வேகமாக ஓட்டுகிறவர்கள் அங்கே போய் ஓட்டுவதுதான் நல்லது என்பது என் அபிப்பிராயம், கடற்கரைப் பாதையில் குழந்தைகளும் நாய்களும் குறுக்கே வருவார்கள், அங்கே மணி அடித்து மெதுவாகத்தான் போக வேண்டும்.

கால் பழகிவிட்டால் ஸ்விஸ் வேலி பாதைக்கும் போகலாம். லனெல்லியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் மேலே ஏறுகிறது, நீர்த்தேக்கங்களைத் தாண்டி, மரநிழலில். பழைய நிலக்கரி ரயில் ஓடிய தடம் அது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் தடத்தையே மெல்ல மெல்ல உயர்த்திப் போட்டிருக்கிறார்கள், ஏறுவதே தெரியாமல் ஏறிவிடுவாய். இறங்கும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம்.

ஜூனில் இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும், நான் டியூட்டி முடித்து வந்த பிறகும் போகலாம். வார்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் உனக்குச் சைக்கிள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். சீட் உயரம் சரி பார்க்க, டெய்லர் பேன்ட்டுக்கு எடுப்பது மாதிரி உன் உள்கால் நீளத்தை அளந்து எனக்கு அனுப்பு. ஹெல்மெட் நான் வாங்கிவிட்டேன். துப்பட்டா சக்கரத்தில் மாட்டும், அதனால் இரண்டு மூன்று சுடிதார் துப்பட்டா இல்லாமல் தைத்துக்கொள். காற்றுக்கு மேலே போட ஜாக்கெட் என்னிடமே இருக்கிறது, அதற்கென்று பெட்டியில் இடம் வீணாக்காதே, அந்த இடத்தில் அம்மா போடும் நார்த்தங்காய் ஊறுகாயை வை.

அத்தானையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை