மையம் கைமாறட்டும், மானியம் அறுபட வேண்டாம்

மழலையர் பராமரிப்பு மையங்களின் கைமாற்றத்துக்கு ஒப்புதல் தரும் மாநில, மத்திய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலியாவில் ஒரு மையம் விற்கப்படும்போது என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மையத்தை நடத்த மாநில அரசு தரும் அனுமதி, விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு மாறும். பெற்றோரின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கும் மானியத்துக்கான அங்கீகாரம் அப்படி மாறாது. வாங்கியவர் அதை மத்திய அரசிடம் தனியாகப் பெற வேண்டும். மேற்கு சிட்னியில் என் மகள் போகும் மையம் விற்கப்பட்டபோது முதலாவது குறித்த தேதியில் முடிந்தது. இரண்டாவது முடியவில்லை. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதைதான்.

அடுத்த வாரமே முழுக் கட்டணத்துக்கு பில் வந்தது. நாளொன்றுக்கு 160 டாலர். மானியம் போக நாங்கள் கட்டிவந்தது 60 டாலர். வாரம் மூன்று நாள் அனுப்புகிறோம். 180 டாலர் செலவான இடத்தில் 480. அங்கீகாரம் வந்தபின் சரிசெய்துகொள்ளலாம் என்று மேலாளர் கனிவாகத்தான் சொன்னார். வீட்டு வாடகையை அப்படி அப்புறம் சரிசெய்துகொள்ள முடியாதே. மகளை நிறுத்திவிடலாம் என்றால் இடம் போய்விடும்; காத்திருப்போர் பட்டியலின் நீளம் உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரு நாள் மட்டும் அனுப்பினோம். மற்ற இரண்டு நாளும் இரவு வேலை முடித்து வந்த என் கணவர், தூங்காமல் அவளைப் பார்த்துக்கொண்டார். மாலையில் மறுபடி வேலைக்குப் போனார். மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி நகர்த்தும் வேலை அது.

என் கோரிக்கை ஒன்றுதான்: மானிய அங்கீகாரம் கிடைக்கும்வரை கைமாற்றத்தை நடைமுறைக்கு வர விடாதீர்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் நால்வருக்கு ஓர் ஆசிரியர் என்று தலை எண்ணிப் பார்க்கிறீர்கள். நல்லது, அந்தக் கண்டிப்பு வேண்டும். ஆனால் கைமாற்றத் தகவல் உங்களுக்கு வாரக்கணக்கில் முன்னதாக வருகிறது, எங்களுக்கோ நாள்கணக்கில்தான். தர மதிப்பீடும் மையத்தோடே தங்கிவிடுகிறது. அதைச் சம்பாதித்த பழைய உரிமையாளர் போய்விட்டார், மகளின் ஆசிரியர்களில் இருவர் போய்விட்டார்கள். வாசலில் தரச் சான்றிதழ் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அதற்கு இடைக்காலத் தடங்கல் எதுவும் இல்லை.

மையங்களை வாங்கி விற்பது இந்த நாட்டில் பெரிய வியாபாரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களை வளைத்துப்போட்டிருந்த ஏபிசி லேர்னிங் நிறுவனம் 2008 நவம்பரில் விழுந்தபோது, அரசு பணம் போட்டுத்தான் பல மையங்களின் கதவுகளைத் திறந்து வைத்திருந்தது. அன்று அவ்வளவு முடிந்த உங்களுக்கு, இன்று இரண்டு அலுவலகங்களின் தேதிகளை ஒன்றாக்குவதா முடியாது? ஒரு தொலைபேசி அழைப்பு போதாதா? அல்லது அதற்கும் தனிப் படிவம் உண்டா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் மீதும் எனக்கு வருத்தமில்லை. அவரும் உங்கள் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறார். அங்கீகாரம் முதலில், கைமாற்றம் பிறகு என்று விதியை மாற்றுங்கள். அதுவரை, எங்கள் மையத்தின் கோப்பினை இந்த வாரமே எடுத்துப் பார்க்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்று வயதுக் குழந்தையின் தாய்,
மேற்கு சிட்னி