பச்சை அட்டைப் புத்தகம் பற்றி

அன்புள்ள சுந்தரம்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. நீ திட்டியதெல்லாம் நியாயம். இங்கே எல்லோரும் சுகம். வேல்ஸில் பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஹே-ஆன்-வை ஊரில் நீ வாங்கின புத்தகங்களின் படங்களைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தத் தோல் பைண்டு டேவிட் காப்பர்ஃபீல்டு, டிக்கன்ஸ் நாவல். 1850 என்று போட்டிருப்பது சரிதான். ஆனால் அந்த நாவல் 1849 மே முதல் 1850 நவம்பர் வரை மாதாமாதம் தனித்தனி இதழாக வந்தது. இதழுக்கு ஒரு ஷில்லிங். பச்சைத் தாள் அட்டை, 32 பக்கம், அதாவது இரண்டு பாரம் (மடித்த அச்சுத்தாள்), கூடவே இரண்டு படம். கடைசி இதழ் இரட்டை இதழ், விலை இரண்டு ஷில்லிங். தலைப்புப் பக்கமே அதில்தான் வந்தது. வாசகர்கள் 19 இதழையும் சேர்த்து பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் தாள் அட்டையையும் விளம்பரங்களையும் பெரும்பாலும் எடுத்துவிட்டுத் தோலில் கட்டித் தருவார். உன்னுடையதும் அப்படித்தானா என்று தெரிய, ஒரு பாரத்தை மெல்ல விரித்து உள்ஓரத்தைப் பார். மடிப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரே கோட்டில் ஊசித்துளைகள் இருந்தால் அது இதழ்களாக இருந்து பிறகு கட்டினது. படங்களையும் எண்ணு. முகப்புப் படமும் சித்திரத் தலைப்பும் சேர்த்து 40 வரவேண்டும். ஃபிரேம் போட்டு விற்பதற்காகப் படங்களை உருவிவிடுகிற ஆட்கள் உண்டு. ரங்கனை எண்ணச் சொல்லாதே, அவன் எண்ணிக்கை நமக்குத் தெரியும்.

இனி விளையாட்டில்லை. கடைசிப் படத்தில் குட்டி மடியில் வைத்திருக்கிற பச்சைத் துணி அட்டை நாவல், 1858 என்று எழுதியிருந்தாயே, அதைக் குட்டியிடமிருந்து உடனே வாங்கித் தனியே வை. கரும்பச்சை என்றால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். இது கண்ணைப் பறிக்கிற மரகதப் பச்சை. அந்தக் காலத்தில் எமரால்டு கிரீன் என்ற சாயத்தூளை ஸ்டார்ச் பசையில் குழைத்துத் துணிமேல் பூசினார்கள். செம்பும் ஆர்செனிக்கும் சேர்ந்தது அது. நம் ஊர்ச் சொல்லில் பாஷாணம். துணிக்குள் ஊறிய சாயம் இல்லை, மேலே பூசினது. அதனால் காலப்போக்கில் பொடியாக உதிர்ந்து கையிலும், பக்கத்துப் புத்தகத்திலும் ஒட்டும். உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழ்மூலையில் பச்சை போய் வெள்ளை நூல் தெரிகிறது. உதிர்ந்த பச்சை எங்கே போயிருக்கும் என்றுதான் என் பயம்.

அமெரிக்காவில் வின்டர்தூர் அருங்காட்சியகத்தில் 2019-இல் புத்தக அட்டையில் இந்தப் பாஷாணம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் சிக்கினது 1857-இல் லண்டனில் வந்த ஒரு வீட்டு அலங்காரப் புத்தகம். 2024-இல் பிரான்சின் தேசிய நூலகமும் நான்கு புத்தகங்களைத் தனியே எடுத்து வைத்தது.

நைட்ரைல் ரப்பர் கையுறை போட்டுக்கொள். புத்தகத்தை ஜிப் வைத்த பாலிதீன் பையில் போட்டு மூடு. அது இருந்த அலமாரித் தட்டையும் மேஜையையும் ஈரத்துணியால் துடை. பிரஷ்ஷால் தட்டாதே, தூள்தான் கிளம்பும். குட்டியின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு, நகக்கண்ணையும் பார். புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டாம், பைக்குள்ளேயே இருக்கட்டும். பிரிக்க வேண்டி வந்தால் மடியிலோ மெத்தையிலோ வேண்டாம். துடைக்கக்கூடிய மேஜைமேல் வைத்துப் பார், அப்போது சாப்பாடு, டீ எதுவும் பக்கத்தில் கூடாது.

நிறத்தை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே ஃப்ளோரசன்ஸ் கருவியில் காட்டினால் ஆர்செனிக் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பேணும் பிரிவு இருந்தால் கேட்டுப் பார். தெரியும்வரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்.

கடிதம் கிடைத்ததும் ஃபோன் பண்ணு. ஊசித்துளை விவரத்தை அப்புறம் சொன்னால் போதும்.

அன்புடன்,
கணேசன்