முரளிக்கு, சோடா விஷயமாக

அன்புள்ள முரளி,

பதில் தாமதம்தான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பாஸ்கரன் அதே பாஸ்கரன்தான். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூடிய பாட்டிலில் ஒரு குமிழிகூடத் தெரியவில்லை, திறந்ததும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். உள்ளேதான் இருக்கிறது, கரைந்து. லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் கார்பன் டை ஆக்சைடை அழுத்தி ஏற்றுகிறார்கள். அழுத்தம் கூடக் கூட அதே விகிதத்தில் கரைவதும் கூடும் என்று ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹென்றி 1803லேயே சொல்லிவிட்டார். மூடியைத் திருகினால் அழுத்தம் போச்சு. 20 டிகிரியில் லிட்டருக்கு 1.7 கிராமுக்கு மேல் நிற்காது. மிச்சம் வெளியேறியாக வேண்டும்.

ஆனால் நினைத்த இடத்தில் குமிழி பிறக்காது. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழியைப் பரப்பு இழுவிசை (நீரின் மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும் விசை) சுமார் 1.4 வளிமண்டல அழுத்தத்தோடு நசுக்கும். அதைவிட ரொம்பச் சின்னதாகத் தொடங்கினால் அப்போதே செத்துவிடும். அதனால் ஏற்கெனவே கொஞ்சம் காற்று சிக்கியிருக்கும் இடம் வேண்டும்: ஒரு கீறல், துணியால் துடைத்தபோது ஒட்டிய நார், தூசி. டம்ளரில் ஒரே புள்ளியிலிருந்து வரிசையாகக் கிளம்புகிறதே, அங்கே ஒரு நார் இருக்கிறது. பாட்டிலைக் குலுக்கினால் பொங்குவதும் இதனால்தான். குலுக்குவதால் அழுத்தம் ஏறுவதில்லை. மேலிருந்த வாயு பொடிக் குமிழிகளாக உள்ளே இறங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் மேலேறிவிடும்.

வாயு போகாமலிருக்க என்று நீ வாங்கிய, பாட்டிலுக்குள் காற்றடிக்கும் அந்த மூடியைத் தூக்கிப் போடு. மகா தண்டம். சோடாவில் வாயுவைப் பிடித்து வைப்பது கார்பன் டை ஆக்சைடின் சொந்த அழுத்தம் மட்டுமே. நீ அடிக்கும் காற்றில் அது 0.04 சதவீதம். கணக்கைப் பார்: லிட்டருக்கு 7 கிராம் உள்ள ஒரு லிட்டர் பாட்டிலில் பாதியை ஊற்றிவிட்டு, 4 டிகிரியில் மூடி வைத்தால், மீதிப் பானத்திலுள்ள வாயுவில் ஐந்தில் இரண்டு பங்கு காலி இடத்துக்குப் போய்விடும். பாட்டிலை நசுக்கி மூடினாலும் அது மறுபடி உப்பிக்கொள்ளும். சின்னப் பாட்டிலுக்கு விளிம்பு வரை மாற்றி, குளிரில் வை. வேறு வழியில்லை.

இனி விளையாட்டில்லை. ஈஸ்ட் போட்டுப் பழச்சாற்றைக் கண்ணாடி பாட்டிலில் அடைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். செய்யாதே. 14 கிராம் சர்க்கரையே ஒரு லிட்டருக்குத் தேவையான 7 கிராம் வாயுவைத் தந்துவிடும். சாற்றில் 100 கிராம் இருக்கலாம். ஈஸ்ட் பாதியில் போதும் என்று நிறுத்தாது. முழுதும் தின்றால் 50 கிராம், அதாவது 25 லிட்டர் வாயு. கண்ணாடி தாங்காது, சிதறும்.

சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலையே எடு. மேலே மூன்று நான்கு சென்டிமீட்டர் விடு. தினம் அமுக்கிப் பார். கல் மாதிரி இறுகியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடு. குளிரில் ஈஸ்ட் மந்தமாகுமே தவிர சாகாது, ஆகவே சில நாளில் குடித்துத் தீர்த்துவிடு.

ஏற்கெனவே கண்ணாடியில் அடைத்துவிட்டாயா? அப்படியானால் வெறுங்கையால் தொடாதே. முகத்துக்கும் கைக்கும் காப்பு போட்டுக்கொண்டு, தடித்த துணியைப் போர்த்தி, மூடியை மெல்ல மெல்லத் தளர்த்து. பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதே.

உன்,
சேகர்