தேருக்கு விடுகிற வழியில் எங்களுக்கு நாலு அடி

மேல வீதியின் சாலைக்கும் சாக்கடைக்கும் மின்கம்பத்துக்கும் பொறுப்பான அதிகாரிகள் அனைவருக்கும்,

வணக்கம். ஒருவர் பெயரை மட்டும் போட்டு எழுத வழியில்லை. சாலை எங்களுடையது, சாக்கடை அவர்களுடையது, கம்பம் வேறொருவருடையது என்று மேசைக்கு மேசை சொல்லி அனுப்பினீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தஞ்சாவூர் மேல வீதியில் சாக்கடை மூடுகல் ஒன்று ஐப்பசி மழையில் உடைந்தது. தை பிறந்தும் அப்படியே கிடந்தது. நடுவில் யாரோ வந்து வேப்பங்கொம்பு ஒன்றில் சிவப்புத் துணி கட்டிக் குழிக்குள் நட்டுவிட்டுப் போனார்கள். அந்த வெள்ளிக்கிழமை கொம்பும் சாய்ந்து கிடந்தது. எதிரே வந்த பைக்குக்கு ஒதுங்கிய என் அத்தை குழிக்குள் காலை விட்டுவிட்டார். 74 வயது. மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு.

கல்யாணமாகி வடக்கு வீதிக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பங்காரு காமாட்சியம்மன் கோயிலுக்கு நடந்தே போனவர் அவர். மூலை அனுமாருக்கு ஒரு கும்பிடு, மேல வீதியில் திரும்பினால் பூக்காரம்மாவோடு ஒரு பேச்சு, அப்புறம் அம்மன். சின்ன வயதில் என் கையைப் பிடித்து ஊரைக் காட்டியவரும் அவர்தான். காமாட்சியைப் பாடிய சியாமா சாஸ்திரி இருந்த வீதி இது, சதிருக்கு, அதாவது இன்றைய பரதநாட்டியத்துக்கு, முறை வகுத்த தஞ்சை நால்வர் வீடும் இங்கேதான் என்று நடந்துகொண்டே சொல்வார். பலாக்கட்டையில் வீணைக் குடம் குடையும் உளிச் சத்தம் கேட்டால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். ஒரு வீட்டில் மராட்டி, அடுத்த வீட்டில் தெலுங்கு, சண்டை மட்டும் தமிழில். இதெல்லாம் காலால் நடந்ததால் தெரிந்துகொண்டது.

இப்போது அத்தை வாசல் தாண்டுவதில்லை. கட்டுப் பிரித்தாயிற்று, பயம்தான் தெளியவில்லை. "வேணும்னா அம்மன் இங்க வரட்டும்" என்கிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். மூலை அனுமாரிலிருந்து காமாட்சியம்மன் கோயில் வரை, குழி இல்லாமல், பைக் நிற்காமல், நடப்பவருக்கு நாலு அடி.

இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல காலம் ஓடாமல் இருந்த பெரிய கோயில் தேர் 2015-ல் மறுபடி ஓடியபோது மேல வீதி, வடக்கு வீதி என்று இதே ராஜவீதிகளில்தான் ஓடியது. வைகாசியில் 24 பெருமாள்கள் கருட வாகனத்தில் வரிசையாக வருவதும் இங்கேதான். அப்போதெல்லாம் பள்ளம் தூர்கிறது, வயர் மேலே ஏறுகிறது, கடைக்காரர் தட்டியை உள்ளே இழுத்துக்கொள்கிறார். எல்லாம் ஒரே ராத்திரியில். மறுநாள் அவை பழைய இடத்துக்குத் திரும்பி வரும் வேகமும் சாதாரணமானதில்லை. சாமிக்கு விடுகிற வழியை, சாமி கும்பிடப் போகிறவர்களுக்கும் விடக்கூடாதா?

வெளியூர்க்காரர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு, ஒரு தலையாட்டி பொம்மையை வாங்கிக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறார்கள். ராஜவீதிகள் நடக்கிற தூரம்தான், நடக்கத்தான் முடியாது. பாரம்பரியத்தைக் காப்போம் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைப் படிக்கச் சாக்கடை ஓரத்தில்தான் நிற்க வேண்டும். எங்கள் ஊர் பொம்மை எத்தனை முறை தள்ளினாலும் தானே எழுந்து நின்றுவிடும். ஊர்க்காரர்களும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ.

சரி, மன்னிக்கவும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணிவோடு கேட்கிறேன். முதலில் அந்த ஒரு மூடுகல்லைப் போடுங்கள். அப்புறம் நாலு அடி. சித்திரைத் தேர் வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம். அதற்கு முன்னால் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இருக்கின்றன.

நேற்று அந்தப் பக்கம் போனேன். வேப்பங்கொம்பை நிமிர்த்தி நட்டு, துணியையும் புதிதாக மாற்றியிருக்கிறீர்கள். பார்த்தேன், நன்றி.

இப்படிக்கு,
வடக்கு வீதிக்காரன் ஒருவன்