'போதை இசை' என்று போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழின் இசைப் பக்கத்தில் இண்டி ராக் குழுக்களின் (பெரிய கம்பெனி இல்லாமல் சொந்தமாகப் பாட்டுப் போடுகிறவர்கள்) கான்செப்ட் ஆல்பங்களை (பாட்டெல்லாம் சேர்ந்து ஒரே கதை சொல்பவை) பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் இதையெல்லாம் யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாக ஏங்கியவன் நான். ஆனால் ஒரு ராக் பாணியின் பெயராக 'சைகடெலிக்' என்று வரவேண்டிய இடத்திலெல்லாம் கட்டுரையாளர் 'போதை இசை' என்று எழுதிவிட்டார். அந்த ஒரு சொல்லால் எங்கள் பகுதிப் பையன்கள் நாலு பேருக்கு ஒரு நிகழ்ச்சி கைவிட்டுப் போனது.

ராயபுரத்தில் 22 வருஷமாக சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். அந்தப் பையன்கள் ராத்திரியில் பிராக்டிஸ் பண்ணுவது என் குடோனில்தான். கிதார் வாசிப்பவன் என் அக்கா மகன். ஒன்றரை வருஷம் உழைத்து முதல் ஆல்பத்தை முடித்திருக்கிறார்கள். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகிற ஒரு லாஞ்சின், அதாவது மீன்பிடி விசைப்படகின் கதை. ஏழு பாட்டு, 40 நிமிஷத்துக்கு மேல் ஓடும், நடுவில் எங்கும் நிற்காது. விடிவதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் போய் அவர்களே பதிவு செய்த சத்தத்தில் ஆரம்பிக்கிறது: ஐஸ் உடைக்கிற மெஷின், தரையில் கூடை இழுபடுவது, மீன் ஏலம் கூறும் குரல்கள். கேட்டுக்கொண்டே இருக்கும்போது அந்த ஐஸ் மெஷினே டிரம்ஸாகிவிடும்.

நாலாவது பாட்டுதான் ஆல்பத்தின் உயிர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், லாஞ்சு கரையில் கட்டிக் கிடக்கிறது. ஒரே கார்டு (சில சுரங்களைச் சேர்த்து மீட்டுவது), ஒன்பது நிமிஷம். அதன்மேல் கிதாரின் எக்கோ மட்டும் அலை மாதிரி வந்து வந்து போகும். விசைப்படகில் போகிற பெரியவர் ஒருவர் குடோன் வாசலில் நின்று முழுசாகக் கேட்டார். "தொழிலுக்குப் போவாம சும்மா குந்தினு இருக்கச் சொல்ல, மண்டைக்குள்ள இப்படித்தான்டா ஓடும்" என்றார். ஆறாவது பாட்டு எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததே, அது. கிதாரை வாசித்துப் பதிவு செய்து அப்படியே பின்னோக்கி ஓட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கனத்துப்போன மாதிரி இருக்கும்.

இதை ஒரே மூச்சில் மேடையில் வாசிக்க ஒரு மண்டபம் பேசி, முன்பணமும் கட்டினோம். மண்டபத்தார் உங்கள் கட்டுரையைப் படித்திருக்கிறார். நோட்டீசில் 'சைகடெலிக் ராக்' என்று பார்த்ததும், "போதைப் பாட்டெல்லாம் இங்க வேணாம்பா" என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வடசென்னைப் பையன் என்றாலே கஞ்சா, கத்தி என்று நினைக்கிற ஊர் இது, ஐயா. கிதார் பையோடு ராத்திரி வீடு திரும்புகிறவனை நிறுத்திப் பையைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். அவன் பெயரோடு அச்சில் இன்னொரு 'போதை' சேர வேண்டுமா?

'சைகடெலிக்' என்ற சொல்லை 1950களில் உருவாக்கியவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். மனம், வெளிப்படுத்துதல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். எல்.எஸ்.டி. என்ற போதை மருந்து போன்றவற்றை ஆராயும்போதுதான் அதைச் சொன்னார், 60களில் அந்தப் பாணிப் பாட்டுக்காரர்கள் பலரிடம் அந்தப் பழக்கமும் இருந்தது. அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் இசையில் அது ஒரு வகை ஒலி வேலைப்பாட்டின் பெயராக நின்றுவிட்டது. 1966இல் வந்த பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். அடியில் நம் தம்பூரா, மேலே வெட்டி ஒட்டிய டேப் துண்டுகள், ஆர்கன் என்ற கீபோர்டு வாத்தியத்துக்காகச் செய்த சுழலும் ஸ்பீக்கர் வழியாக வரும் பாடகர் ஜான் லெனனின் குரல். மார்கழிக் கச்சேரித் தம்பூராவை யாரும் போதை என்று எழுதுவதில்லை.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. சாவு வீட்டு கானாவுக்கு எத்தனையோ ராத்திரி மைக் செட் போட்டிருக்கிறேன். இறந்தவர் பிறந்தது, பிழைத்தது, பிள்ளைகளைக் கரைசேர்த்தது என்று விடிய விடிய ஒரே கதையாகக் கட்டிப் பாடுவார்கள். மைக்கை வாங்கியதும் பாடுகிறவர் முதலில் கேட்பது, "எக்கோ கொஞ்சம் ஏத்திவுடுண்ணா." ஏற்றிவிட்டால், அவர் கூப்பிடுகிற பெயர் நாலு தடவை திரும்பி வரும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தூரத்திலிருந்து. ஒரு தடவை, அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த அந்த வீட்டம்மா நாலாவது குரலுக்குத் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். மனம் வெளிப்படுவது என்றால் எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் எழுதுங்கள். இந்த மாதிரி ஆல்பங்களைச் செல்போனில் கலைத்துப் போட்டுக் கேட்டால் கதை கெட்டுவிடும், வரிசையாகக் கேட்க வேண்டும். மெல்போர்னின் கிங் கிஸார்ட் குழு 2016இல் 'நோனகான் இன்ஃபினிட்டி' என்று ஒன்று போட்டது. ஒன்பது பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, கடைசிப் பாட்டு முதல் பாட்டிலேயே வந்து சேரும். வரிசையைக் கலைத்தால் அதில் என்ன மிஞ்சும்?

'சைகடெலிக்' என்றே தமிழில் போடுங்கள், வாசகர்கள் பழகிக்கொள்வார்கள். அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் வந்தால், அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு முன்பணத்தோடு அந்த மண்டபத்துக்கு மறுபடியும் நானே போவேன்.

இப்படிக்கு,
சவுண்ட் சர்வீஸ் நடத்தும் வாசகர்,
ராயபுரம், சென்னை-13.